பேசாமல் நின்றால் போதும் என்றார்கள்

உங்களில் சிலர் சபைக் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டு இந்த நர்ஸ் வேலைக்கு வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். நானும் தூக்கியவள்தான். பயிற்சியில் இருந்தபோது பொன்னேரியில் நடந்த ஒரு கூட்டத்தில், சீஷராக ஆண்டவரைப் பின்பற்ற யாருக்கு மனமிருக்கிறது என்று ஆயர் கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. கை தானாக மேலே போனது. வீட்டுக்கு நடந்து திரும்பும்போது மனதுக்குள் ஒரு படம் ஓடியது. எங்கோ ஒரு மலைக்காடு, வெள்ளைப் புடவை, குதிரையில் வந்து இறங்கும் நான். தண்டவாளம் பார்க்கும் ரயில்வே கேங்மேன் மகளுக்குக் குதிரை எதற்கு என்று என் நைனா கேட்டிருப்பார். நல்லவேளை, அவரிடம் சொல்லவில்லை.

வேலை உத்தரவு வந்தது. மலையும் இல்லை, காடும் இல்லை. பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளம் பக்கத்துக் குப்பங்களுக்குக் கிராம நர்ஸ். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்று, கருவேல முள், கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் சேறு. முதல் நாள் தோளில் பையோடு போய் நின்றேன். நண்டு கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னா விக்க வந்துகீற?" என்றாள்.

"ஒண்ணும் விக்கலம்மா. நான் நர்ஸ்."

"அப்ப ஊசி," என்று முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி நண்டைக் கழுவப் போய்விட்டாள். அழைப்புப் பெற்றவளுக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

முதல் வருடம் முழுக்க எனக்கு ஒரே குறை. குழந்தைக்கு எடை பார்ப்பது, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, சிரங்குக்கு மருந்து தடவுவது, இதிலேயே நாள் போகிறதே, உண்மையான ஊழியம் எப்போது தொடங்கும் என்று. சுகாதார நிலையத்தில் கம்பவுண்டராக ஒரு பாய் இருந்தார். பழவேற்காட்டில் ஒரு காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த குடும்பம். அவர் காலத்துக்கு மிஞ்சியது பெரிய கதவு வைத்த ஒரு வீடும், சட்டையில் எப்போதும் லேசாக அடிக்கும் அத்தர் வாசனையும்தான். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லாமல் விடுகிறேன். என் குறையை ஒரு நாள் அவரிடம் கொட்டினேன். அவர் இருமல் மருந்தைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கெழம நீ கோயில்ல கீற. வெள்ளிக்கெழம நான் பள்ளிவாசல்ல கீறேன். மத்த நாள்ல நம்ம ரெண்டு பேரும் யாரு? அத மொதல்ல யோசி தங்கச்சி. அப்புறம் ஊழியத்தப் பத்திப் பேசலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

என் குப்பங்களில் மிகவும் ஏழைகள், ஏரியில் இறங்கி வெறுங்கையால் இறால் பிடிக்கிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி, அகப்படும் இறாலை வாயில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறிக்கூடையில் போட்டுக்கொள்வார்கள். கன்னியப்பனும் அவன் மனைவி செஞ்சம்மாவும் அப்படிப்பட்ட ஜோடி. இருவருக்கும் சின்ன வயது. செஞ்சம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. உடம்பில் ரத்தமே இல்லை. பொன்னேரிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்கிக் கொடுத்து, அவள் அதை விழுங்குகிறாளா, கோழிக்குப் போடுகிறாளா என்று கண்காணித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்பது ஒரே கேள்வி.

"அக்கா, எனக்கு ஒண்ணு நிக்குமா?"

"நிக்கும். மாத்திரையைத் தின்னு."

அப்போதுதான் அவசரநிலைக் காலம் வந்தது. நீங்கள் யாரும் பிறந்திருக்க மாட்டீர்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. சேர்க்காவிட்டால் சம்பளம் நிற்கும், மாற்றல் வரும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் மிரட்டல். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஆபரேஷன் மேல் எந்த விரோதமும் இல்லை. போதும் என்று முடிவெடுத்து வந்தவர்களை நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கெட்டது அந்த அவசரம்தான். அவசரத்தில் எளியவன்தான் முதலில் அகப்படுவான். படித்தவன் கேள்வி கேட்பான், சொந்தப் படகு வைத்திருப்பவன் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவருவான். வெறுங்கையோடு ஏரியில் இறங்குகிறவனை யாரும் ஜீப்பில் ஏற்றிவிடலாம்.

எனக்கு மேலே ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் இருந்தார். கொடுமைக்காரர் இல்லை. மூன்று பெண் குழந்தைகள், பழைய சைக்கிள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. பயந்த மனிதர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுண்ணாம்புக்குளம் சாலையில் ஜீப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது ஜீப்பின் பின்பக்கம் நெருக்கியடித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துப் பெட்டியோடு கம்பவுண்டர் பாயும் நின்றிருந்தார்.

"எஸ்தர், முன்னாடி ஏறு. முகாம்ல டாக்டர் கேப்பாரு, இவங்களத் தெரியுமா, புள்ளைங்க கீதான்னு. ஊர் நர்ஸ் நீ, தெரியும்னு சொல்லு, போதும்."

பின்னால் எட்டிப் பார்த்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, துவைத்த சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சார், அவனுக்குக் குழந்தையே கிடையாது," என்றேன், மெதுவாக.

"எனக்குத் தெரியும்." அவரும் மெதுவாகத்தான் சொன்னார். "ஆள் கொறையுது. மூணு மாசமா சம்பளம் இல்ல. வூட்டுல அரிசி இல்லன்னு இன்னிக்குக் காலையில என் பெரிய பொண்ணு சொல்லுது. நீ பொய் சொல்ல வேணாம் எஸ்தர். டாக்டர் கேக்கும்போது நானே சொல்லிக்கிறேன். நீ பேசாம நின்னா போதும்."

பேசாமல் நின்றால் போதும். இந்த வார்த்தையை நன்றாகக் கவனியுங்கள் தங்கச்சிகளே. உங்கள் வேலையில் யாரும் வந்து, ஒரு பாவம் செய் என்று கேட்க மாட்டார்கள். பேசாமல் இரு, அந்தப் பக்கம் பார்க்காதே என்றுதான் கேட்பார்கள். கேட்கிறவரும் பெரும்பாலும் பாவப்பட்டவராகத்தான் இருப்பார்.

எனக்கு வானத்திலிருந்து ஒளி எதுவும் வரவில்லை. ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. ஜீப் என்ஜினின் உறுமல்தான் கேட்டது. அவ்வளவுதான். பாயைப் பார்த்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று செவ்வாய்க்கிழமை, பாய் சொன்ன அந்த மற்ற நாள் இதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. மலைக்காட்டில் வரும் என்று நான் காத்திருந்த அழைப்பு, சுண்ணாம்புக்குளம் சாலையில் டீசல் புகைக்கு நடுவில் வந்து நிற்கிறது. கையைத் தூக்கும் நேரம் இதுதான். இங்கே கைதட்ட யாருமில்லை.

கத்தியிருக்கலாம். கத்தினால் கூட்டம் கூடும், கல் பறக்கும், போலீஸ் வரும், அடி வாங்குவது ஜீப்பில் இருப்பவர்கள்தான். அதனால் நான் ஜீப்பின் பின்பக்கம் போய், வைத்தியம் பார்க்கப் போன வீட்டில் பேசுவது போலச் சாதாரணமாகக் கேட்டேன்.

"கன்னியப்பா, எங்க போற?"

"ஊசி போட்டுக்கத்தான்க்கா. ஒடம்புக்கு நல்லதாமே. மனைக்கு பட்டா தராங்கன்னு சொன்னாங்க."

"அது ஊசி இல்ல. ஆபரேஷன். அது பண்ணிட்டா அப்புறம் உனக்குக் குழந்தை பிறக்காது. தெரியுமா?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "செஞ்சி மாத்திர துன்னுகினு கீதேக்கா," என்றான். அவனுக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான். மறுநொடி கீழே குதித்தான்.

மற்றவர்களுக்கும் அதையே சொன்னேன். வேண்டாம் என்பவர்கள் இறங்கலாம், வேண்டும் என்பவர்கள் இருக்கலாம் என்றேன். பலர் இறங்கிவிட்டார்கள். வயதான ஒருவர் மட்டும், "எனக்கு அஞ்சி கீது. போதும் தாயீ. நான் தெரிஞ்சிதான் ஏறினேன்," என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். "அப்ப உங்களோட நான் வரேன்," என்றேன். முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் என்னைத் திட்டவில்லை. சீப்பை எடுத்துத் தலையை வாரினார். "என் பொண்ணுங்களுக்கு நீ சோறு போடுவியா?" என்று மட்டும் கேட்டார். தெரிந்து வருகிறவர்களை வீடு வீடாகப் போய் நான் கூட்டிவருகிறேன் சார் என்றேன். போனேன். சிலர் வந்தார்கள். மேலே கேட்ட எண்ணிக்கைக்கு அது எந்த மூலைக்கு?

என் சம்பளமும் நின்றது. விளக்கம் கேட்டு ஓலை வந்தது. வேலை போய்விடும் என்றே எல்லோரும் சொன்னார்கள். சபையிலும் எல்லோரும் என் பக்கம் இல்லை. அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டாமா என்று ஒரு மூப்பர் கேட்டார். விஷயம் தெரிந்து நைனா பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். வந்து உட்கார்ந்து சொன்னார்:

"வேல போனா போவட்டும்னு சொல்ற அளவுக்கு எனக்கு தெம்பு இல்லம்மா. உன்னப் படிக்க வெக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனா அந்தப் புள்ள ஜீப்ப வுட்டு எறங்கிச்சே, அது நல்லதுதான்."

எனக்கு அதுவரை கிடைத்த எந்த ஆசீர்வாதத்தைவிடவும் அது பெரிதாக இருந்தது. தைரியசாலி போலப் பேசாமல், பயத்தோடு சேர்த்தே என் பக்கம் நின்றார்.

அந்த மாதங்களில் நான் நிறைய ஜெபித்தேன். செய்தது சரிதானா என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்தால், தாழ்ப்பாளில் நாரில் கட்டிய நண்டு தொங்கும். சில நாள் வாழை இலையில் இறால். வைத்தது யார் என்று கேட்டால் குப்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. நண்டுகள் தாமாகவே ஏரியிலிருந்து நடந்து வந்து தொங்கிக்கொண்டதாகத்தான் அவர்கள் முகம் சொல்லும்.

ஆட்சி மாறியது. அந்த அவசரம் அடங்கியது. சம்பளம் வந்துசேர்ந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. குப்பத்தில் ஒரு குழந்தை இறந்தது. தடுப்பூசியோடு எங்கள் ஜீப் போனால், அதன் சத்தம் கேட்ட உடனே ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் ஓடி ஒளிந்தார்கள். எந்த ஊசியாக இருந்தாலும் அது பிள்ளை பிறக்காமல் செய்யும் ஊசிதான் என்ற பயம். அந்தப் பயத்தை நாங்கள்தான் விதைத்திருந்தோம். இரண்டாவது குழந்தையும் போனது. அன்று இன்ஸ்பெக்டர் சுகாதார நிலையத்தின் பின்பக்கம் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எஸ்தர், நீ போ. நீ சொன்னா கேப்பாங்க. நான் வந்தா ஓடுவாங்க."

இந்த இடத்தில்தான் எனக்கு ஜீப் பக்கத்தில் நின்றதைவிடக் கஷ்டமாக இருந்தது. தனியாகப் போய் நல்ல பெயர் வாங்கிக்கொள்வது சுலபம். மனதின் ஒரு மூலையில் அதற்கு ஆசையும் இருந்தது. ஆனால் ஊசி போட்டால் மட்டும் போதாது. கிணறுகளுக்கு மருந்து போட வேண்டும், பக்கத்துக் குப்பங்களுக்கும் போக வேண்டும், அது அவர் வேலை. ஜனங்கள் அவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் போகும்? தவிர, ஒரு மனிதனை அவன் செய்த தப்புக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டு, நான் ஆண்டவர் பின்னால் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

"நீங்களும் வாங்க சார். ஜீப் வேணாம். நடந்தே போலாம்," என்றேன்.

"அடிப்பாங்க."

"நான் பக்கத்துல இருக்கேன்."

பிளீச்சிங் பவுடர் வாளியை அவர் தூக்கிக்கொண்டார். மழைச் சேற்றில் இருவரும் நடந்தோம். தோப்பு ஓரத்தில் ஆண்கள் எதிரே வந்து நின்றார்கள். ஒருவன் கையில் துடுப்பு. "இவன எதுக்கு இட்டுகினு வந்த? ஏரில அமுக்கிடுவோம்," என்று கத்தினான்.

"இவரு கிணத்துக்கு மருந்து போட வந்திருக்காரு. தண்ணியிலதான் நோய் இருக்கு. இவரை அமுக்கினா அந்த மருந்தை யார் போடறது? நீ போடறியா?" என்றேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கன்னியப்பன் வந்தான். எல்லோரும் கேட்கும்படி உரக்கக் கேட்டான்.

"அக்கா, இந்த ஊசியில புள்ள பொறக்காம பூடுமா?"

"பூடாது. ரெண்டு நாள் கை வலிக்கும், காய்ச்சல் வரலாம். அவ்வளவுதான்."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "அன்னிக்கி ஆபத்துன்னு சொன்னதும் இவங்கதான். இன்னிக்கி ஆபத்து இல்லன்னு சொல்றதும் இவங்கதான்," என்றான். கையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் செஞ்சம்மா வந்தாள். அப்புறம் தோப்புக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். துடுப்பு வைத்திருந்தவன் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றான், பிறகு துடுப்பைச் சவுக்கு மரத்தில் சாய்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டான். "கெணறு இப்டிக்கா கீது, வா," என்றான். அவர் அவன் பின்னால் போனார். அந்தக் குப்பத்தில் அதற்குப் பிறகு ஒரு குழந்தையும் சாகவில்லை.

நான் சொன்ன அந்த உண்மையால்தான் பிற்பாடு குழந்தைகள் பிழைத்தன என்று இதைக் கேட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள். பிழைக்காமல் போயிருந்தாலும், என் வேலையே போயிருந்தாலும், அன்று நான் பேசியது சரிதான். நல்லது நடக்கும் என்பதற்காக உண்மை சொல்கிறவர்களால் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது. பலன் தெரியாமல் செய்யப் பழகிக்கொள்ளுங்கள். பலன் கண்ணில் பட்டால் சந்தோஷப்படுங்கள். நான் பட்டேன்.

செஞ்சம்மாவுக்கு மறு வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறகு ஒரு பையன், இன்னொரு பெண். எண்பதுகளில் ஒரு நாள் கன்னியப்பன் தானாகவே வந்து நின்றான். செஞ்சம்மாவும் அவனும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். "மூணு போதும்க்கா. அந்த ஆபரேசனுக்கு இட்டுகினு போ," என்றான். பஸ்ஸில் பொன்னேரிக்கு அழைத்துப் போனேன். இவருக்கு எல்லாம் தெரியுமா என்று டாக்டர் கேட்டார். அவன் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, "எனுக்குத் தெரியும் சார்," என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவன் வலிக்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, நீ வேதக்காரம்மான்னு சொல்றாங்க. இத்தினி வருசத்துல உங்க சாமியப் பத்தி எங்களாண்ட ஒரு வார்த்த சொன்னதில்லியே. ஏன்?"

"கவர்மெண்டு வேலைக்கு வந்து ஊசி போடும்போது அதையெல்லாம் பேசக் கூடாது கன்னியப்பா."

"இப்ப இன்னா ஊசியா போடற? பஸ்ஸுலதான கீறோம். சொல்லு."

சொன்னேன். ஏரிக்கரைக்காரனுக்கு எங்கிருந்து தொடங்குவது? இயேசு ஒரு ஏரிக்கரையில் நடந்து போனதிலிருந்து தொடங்கினேன். மீன்பிடிக்கிறவர்களைப் பார்த்து, என் பின்னால் வாருங்கள் என்று கூப்பிட்டதையும், அவர்கள் வலைகளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியதையும் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான்.

"நல்ல ஆளாத்தான் கீறாரு," என்றான். பிறகு தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டான். சிப்பி கிழித்த தழும்புகள் நிறைந்த கைகள். "ஆனா எங்களாண்ட வுட்டுட்டுப் போவ வலையே இல்லியேக்கா. எங்களக் கூப்புடுவாரா?"

இத்தனை வருடத்தில் நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"கூப்பிடுவார்," என்றேன். "உன்னை முதல்ல கூப்பிடுவார்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். வலியை மறந்து நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, "மேல சொல்லு," என்றான்.